ஒரு வரியின் விலை

பாத்திரக் கடையில் ஒரு குடமோ அடுக்கோ வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்துவிடுவதில்லை. "பேர் வெட்டணுமாம்மா?" என்று கடைக்காரர் கேட்கிறார். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆள் பாத்திரத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, நாம் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துப் பார்த்துப் பெயரையும் தேதியையும் பொறிக்கிறார். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரமானால் கல்யாணத் தேதி, கொடுப்பவர் பெயர், பெறுபவர் பெயர் எல்லாம் அதில் ஏறிவிடும்.

எதற்காக இந்தச் சிரமம்? பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் போன அண்டா, பத்து அண்டாக்களோடு கலந்து நின்றாலும் வீடு திரும்ப வேண்டுமல்லவா? அதற்காகத்தான்!

புத்தகங்களிலும் இப்படி ஒரு பெயர் வெட்டு உண்டு. தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் அதன் பின்புறத்தில், பொடி எழுத்தில், யார் கண்ணிலும் படாமல் ஒரு வரி ஒளிந்திருக்கும். வட்டத்துக்குள் 'சி' என்ற ஆங்கில எழுத்து, ஒரு வருஷம், ஒரு பெயர். 'எல்லா உரிமைகளும் ஆசிரியருக்கே' என்று கூடவே ஒரு வாசகம். கதையின் முதல் வரியைப் படிக்கிறோம். பொறுமை இல்லாதவர்கள் கடைசி வரியையும் முன்கூட்டியே படித்துவிடுகிறார்கள். இந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை. எழுதுகிறவர்களே பல சமயம் வேறொரு புத்தகத்தைப் பார்த்து அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இந்த ஒரு வரி விட்டுப் போனதால் ஒரு சினிமாப் படமே உரியவர்கள் கையை விட்டுப் போயிற்று என்றால் நம்புவீர்களா?

பத்து நண்பர்களின் படம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். எஃகு ஆலைகளுக்குப் பேர் போன ஊர். அங்கே ஜார்ஜ் ரொமீரோ என்ற இளைஞரும் அவருடைய சிநேகிதர்களும் விளம்பரப் படங்கள் எடுத்து ஜீவனம் நடத்தி வந்தார்கள். சோப்பையும் பீரையும் படம் பிடித்து அலுத்துப் போயிற்று. 'நாமே ஒரு முழு நீளப் படம் எடுத்தால் என்ன?' என்று ஆசை பிறந்தது.

ஆசை பெரிது, கையிருப்பு சிறிது. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 600 டாலர் போட்டார்கள். அதனால் கம்பெனிக்கே 'இமேஜ் டென்' என்று பெயர். பிறகு இங்கும் அங்கும் பணம் திரட்டி, மொத்தம் சுமார் 1,14,000 டாலரில் படத்தை முடித்தார்கள். ஹாலிவுட்டில் அது உப்புக்கும் புளிக்கும் காணாத தொகை!

1967-ல் படப்பிடிப்பு. இடித்துத் தள்ளப்படவிருந்த ஒரு பழைய பண்ணை வீட்டைப் பிடித்தார்கள். இறந்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்ன வருகிறார்கள் என்பது கதை. ரத்தத்துக்கு என்ன செய்வது? படமோ கறுப்பு வெள்ளை. சாக்லேட் பாகை வாங்கி ஊற்றினார்கள். திரையில் அது அசல் ரத்தமாகவே தெரிந்தது! பண்ணை வீட்டில் சிக்கிக்கொண்டவர்களுக்குத் தலைமை தாங்கும் கதாநாயகன் வேஷத்தை டுவேன் ஜோன்ஸ் என்ற நீக்ரோ இனத்து நடிகருக்குக் கொடுத்தார்கள் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதியிருக்கும். கறுப்பின நடிகர் என்று நாம் சொல்வோம். அந்த நாளில் அது துணிச்சலான காரியம்.

படத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்'. 'மாமிசம் தின்போரின் இரவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வரும் காட்சியில், அந்தப் பெயருக்குக் கீழேயே, முறைப்படி காபிரைட் வரியையும் பொறித்தார்கள்.

படத்தை வாங்கிய விநியோகஸ்தர் பெயரைப் பார்த்துத் தயங்கினார். கிட்டத்தட்ட அதே பெயரில் 1964-ல் வேறொரு படம் வந்திருந்தது. வீண் வம்பு எதற்கு? பெயரை மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', அதாவது 'நடமாடும் பிணங்களின் இரவு' என்று புதுப் பெயர் வந்தது. பழைய பெயர் இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பெயரை ஒட்டினார்கள்.

வெட்டி எடுத்த துண்டோடு அதன் அடியிலிருந்த காபிரைட் வரியும் போயிற்று! புதிய பெயருக்குக் கீழே அதைத் திரும்பப் பொறிக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

1968 அக்டோபர் 1-ந் தேதி பிட்ஸ்பர்க்கில் படம் வெளியாயிற்று. மெல்ல மெல்லப் பேச்சு பரவிக் கூட்டம் அலைமோதியது. ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? 1909-ம் வருஷத்துச் சட்டப்படி, வெளியிடும் பிரதிகளில் காபிரைட் அறிவிப்பு இருந்தாக வேண்டும். இல்லாமல் வெளியிட்டால் அந்தப் படைப்பு பொதுச் சொத்து! பெயர் வெட்டாத பாத்திரத்தைத் தெருவில் வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது போல.

எடுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சி நிலையங்கள் கேட்காமலே காட்டின. வீடியோ நாடாக்கள் வந்த பிறகு எத்தனையோ கம்பெனிகள் இந்தப் படத்தை நாடாவில் ஏற்றி விற்றன. மங்கலான பிரதி, வெட்டுப்பட்ட பிரதி, வர்ணம் பூசிய பிரதி எல்லாம் வந்தன. எதற்கும் அந்தப் பத்து நண்பர்களின் அனுமதி தேவைப்படவில்லை. காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இலவசமாகக் கிடைத்ததால்தான் படம் மூலை முடுக்கெல்லாம் பரவிற்று. நடமாடும் பிணங்களை வைத்து உலகெங்கும் எடுக்கப்படும் படங்களுக்கெல்லாம் இதுவே பாட்டனார். 1999-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பட்டியலில் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்த்தார்கள். புகழ் வந்தது, பணம் வேறு பல வீடுகளுக்குப் போயிற்று. ரொமீரோ 2017-ல் காலமானார். அந்த ஒரு வரியின் விலை எவ்வளவு என்று யாராலும் கணக்குப் போட முடியாது.

ஒரு வார்த்தையும் ஒரு மாதிரி உருவமும்

'அவர்கள் புதியவர்கள், அனுபவம் இல்லாதவர்கள்' என்று நினைக்கலாம். பெரிய இடத்துக் கதை ஒன்று கேளுங்கள்.

1963-ல் வந்த 'ஷரேட்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னும் கேரி கிராண்டும் நடித்தார்கள். தயாரித்ததோ பெரிய ஸ்டூடியோ. பெயர் வரும் காட்சியில் அறிவிப்பு இருந்தது. ரோமன் எழுத்துகளில் வருஷம் இருந்தது. உரிமையாளர்களின் பெயர்கள் இருந்தன. எல்லா உரிமைகளும் தங்களுக்கே என்ற வாசகமும் இருந்தது. 'காபிரைட்' என்ற ஒரே ஒரு வார்த்தை மட்டும் இல்லை! அதற்குப் பதிலாக வட்டத்துக்குள் இருக்கும் 'சி' எழுத்தாவது இருந்திருக்கலாம், அதுவும் இல்லை. தாலி இருந்தது, மேளம் இருந்தது, மாப்பிள்ளையைத்தான் காணோம் என்ற கதையாகப் போயிற்று. படம் வெளியான அன்றே பொதுச் சொத்தாகிவிட்டது.

இன்னொன்று, உலகப் புகழ் பெற்ற ஓவியர் பிக்காஸோ சம்பந்தப்பட்டது. சிகாகோ நகரத்தில் ஒரு சதுக்கத்துக்காக அவர் சிற்பம் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். நகரம் 1,00,000 டாலர் சன்மானம் கொடுக்க முன்வந்தது. அவர் வாங்க மறுத்து, 'இது என் அன்பளிப்பு' என்று சொல்லிவிட்டார். 50 அடி உயரத்தில் இரும்பில் எழுந்த அந்த உருவம் 1967 ஆகஸ்ட் 15-ல் திறந்து வைக்கப்பட்டது. பார்த்தவர்கள் பறவை என்றார்கள், பெண் முகம் என்றார்கள், நாய் என்றார்கள். எது எப்படியானாலும் சிற்பத்தில் காபிரைட் வரியை மறக்காமல் பொறித்திருந்தார்கள்.

ஆனால் சிற்பத்துக்கு முன்னால் பிக்காஸோ செய்து கொடுத்த சிறிய மாதிரி உருவம் ஒன்று இருந்தது. அதை முன்பே கண்காட்சியில் வைத்திருந்தார்கள். படம் பிடித்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் தாராளமாக அனுப்பியிருந்தார்கள். அதில் வரி இல்லை! சிற்பத்தைப் பிரதி செய்து விற்க விரும்பிய ஒரு பிரசுரக் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. '1967-ல் பெரிய உருவத்தில் பெயர் வெட்டியது சரி; அதற்கு முன்பே சின்ன உருவம் பெயரில்லாமல் ஊர் சுற்றிவிட்டதே!' என்பது வாதம். 1970-ல் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. சிற்பம் பொதுச் சொத்து என்று தீர்ப்பாயிற்று.

ஏன் இப்படி ஒரு சட்டம்?

அமெரிக்கர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியிட்ட ஒன்றுக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லையென்றால் அது எல்லோருக்கும் உரியதாகட்டும் என்பது அவர்கள் எண்ணம். வரி இருந்தால் யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியும். வருஷம் இருந்தால் உரிமை என்றைக்கு முடிகிறது என்று கணக்குப் போடலாம்.

ஐரோப்பியர்கள் வேறு விதமாக நினைத்தார்கள். குழந்தை பிறந்தால் அது தாயாருடையது என்பதற்கு நெற்றியில் சீட்டு ஒட்ட வேண்டுமா? எழுதியவனுக்கு உரிமை எழுதும்போதே பிறக்கிறது என்றார்கள். 1886-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை, 1908-ல் திருத்தப்பட்டபோது இந்தக் கொள்கையை உறுதியாக ஏற்றது. பதிவு வேண்டாம், அறிவிப்பு வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள்.

இரண்டு கட்சிகளையும் சேர்த்து வைக்கும் சம்பந்தம் 1952-ல் ஜினீவாவில் பேசி முடிக்கப்பட்டது. வட்டத்துக்குள் 'சி', உரிமையாளர் பெயர், முதலில் வெளியிட்ட வருஷம் என்ற மூன்றும் பிரதியில் இருந்தால் போதும். அறிவிப்பும் பதிவும் கேட்கும் நாடுகளும் அதோடு திருப்தி அடைய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வட்டமிட்ட எழுத்து உலகம் முழுவதும் பரவியது இப்படித்தான். இந்தியாவும் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

'எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்ற வாசகத்துக்குப் பிறந்த வீடு வேறு. 1910-ல் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் பல போனஸ் அயர்ஸ் நகரில் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம், உரிமையை ஒதுக்கி வைத்துக்கொண்டதாக ஒரு வாசகம் வேண்டும் என்றது. அந்த நாடுகளெல்லாம் இன்று பெர்ன் உடன்படிக்கையிலும் இருக்கின்றன. ஆகவே அந்த வாசகத்துக்கு இப்போது சட்டத்தின் வேலை ஏதுமில்லை. பென்ஷன் வாங்கிய பிறகும் ஆபீஸுக்கு வந்து உட்காரும் குமாஸ்தாவைப் போல, பழக்கத்தினால் அது புத்தகங்களில் உட்கார்ந்திருக்கிறது!

கடைசியில் அமெரிக்காவும் இறங்கி வந்தது. 1978 ஜனவரி முதல், வரி விட்டுப் போனால் ஐந்து வருஷத்துக்குள் பதிவு செய்து, முயற்சி எடுத்துச் சரி செய்துகொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். 1989 மார்ச் 1-ந் தேதி பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தபோது, அன்று முதல் வெளியாகும் படைப்புகளுக்கு வரி கட்டாயமில்லை என்றாயிற்று. ரொமீரோவின் படத்துக்கு அது இருபது வருஷம் தாமதமாக வந்த மழை.

நம் ஊரில் எப்படி?

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் இயற்றப்பட்டு 1958 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இதன்படி எழுத்தாளர் எழுதி முடித்தவுடன் உரிமை அவருக்கு உண்டாகிவிடுகிறது. வரி போடாவிட்டாலும் போகாது. பதிவு செய்யாவிட்டாலும் போகாது. பதிவு செய்தால் வழக்கு வரும்போது அது ஒரு சாட்சியமாக நிற்கும், அவ்வளவே. ஒலிப்பதிவுகளுக்கும் வீடியோ படங்களுக்கும் மட்டும் 1984-ல் ஒரு கண்டிப்பு வந்தது. தயாரித்தவர், உரிமையாளர் போன்ற விவரங்களை அவற்றின் மீதும் உறையின் மீதும் போட்டே ஆக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு.

"அப்படியானால் புத்தகத்துக்கு அந்த வரி எதற்கு? விட்டுவிடலாமே!" என்று கேட்பீர்கள்.

விட வேண்டாம். பெயர் வெட்டாத அண்டாவும் நம்முடையதுதான். ஆனால் அதை நம்முடையது என்று சொல்லி மன்றாட வேண்டியிருக்கும். பெயர் இருந்தால் "தெரியாமல் எடுத்துவிட்டேன்" என்ற சாக்கு எடுபடாது. அமெரிக்கச் சட்டத்தில் இன்றும் அந்த வரிக்கு இந்த மரியாதை உண்டு. அதைவிட முக்கியம், நல்ல மனத்தோடு அனுமதி கேட்க வருகிறவருக்கு வாசற்படி எது என்று அந்த வரிதான் காட்டுகிறது.

உங்கள் வரியை நீங்களே எழுதுங்கள்

பாட்டி சொன்ன சமையல் குறிப்புகளைத் தொகுத்து வெளியிடும் இல்லத்தரசியானாலும் சரி, குழந்தைப் பாடல்கள் எழுதும் பள்ளிக்கூட ஆசிரியரானாலும் சரி, பிறர் புத்தகத்தைப் பார்த்து அந்த வரியை அப்படியே காப்பியடிக்காதீர்கள். காபிரைட் வரியையே காப்பியடித்தால் எப்படி?

முதலில் வருஷம். அது முதன்முதல் வெளியிட்ட வருஷமாக இருக்க வேண்டும். சரக்கு புதிது போலத் தோன்றட்டும் என்று வருஷா வருஷம் மாற்றுகிறார்கள் சிலர். அது பாத்திரத்தில் கல்யாணத் தேதியை அழித்து அழித்துப் போடுவது போலத்தான். புதிதாக அத்தியாயங்கள் சேர்த்திருந்தால் பழைய வருஷத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் புது வருஷத்தையும் போடலாம்.

அடுத்தது பெயர். உண்மையில் உரிமை யாருடையதோ அவர் பெயர். இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பதிப்பாளர் பெயர் அந்த வரியில் இருப்பதால் மட்டுமே உரிமை அவருடையதாகிவிடாது. நம் சட்டப்படி உரிமையை எழுத்து மூலம், கையெழுத்திட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். அப்படிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். ஆகவே அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் தாள் வந்தால், கதையில் எழுத்துப் பிழையைத் தேடுவதோடு நின்றுவிடாமல், அந்தப் பொடி எழுத்து வரியில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் காலத்துக்குப் பிறகும் அறுபது வருஷம் உங்கள் குடும்பத்துக்குச் சோறு போடக்கூடிய வரி அது!

மூன்றாவதாக, எதை அனுமதிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 'எல்லா உரிமைகளும் எனக்கே' என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்த வேண்டும் என்பதில்லை. 'பள்ளிக்கூடங்களில் நடித்துக்கொள்ளலாம், அச்சிடுவதானால் எழுதிக் கேட்கவும்' என்று போடலாம். 'என் பெயரோடு யாரும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது' என்று போடலாம். இப்படி வேண்டிய உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தானமாகக் கொடுக்க வழி செய்யும் ஆயத்த வாசகங்களைக் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற அமைப்பு 2002 முதல் வெளியிட்டு வருகிறது.

கடைசியாக, ஒரு விலாசம். பூட்டுப் போட்ட வீட்டில் தட்டுவதற்குக் கதவாவது இருக்க வேண்டாமா?

வீண் மிரட்டல் மட்டும் வேண்டாம். 'இதில் ஒரு சொல்லைக்கூட எவரும் எவ்விதத்திலும் எடுத்தாளக் கூடாது' என்று முழங்குகிறார்கள் சிலர். விமரிசனத்துக்காகச் சில வரிகளை எடுத்துக் காட்டவும், சொந்தப் படிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் வாசகர்களுக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. வரி எவ்வளவு உரக்கக் கத்தினாலும் அந்த இடம் பறிபோகாது.

அடுத்த முறை ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். நீங்களே எழுதுகிறவரானால் இரண்டு நிமிஷம் பாருங்கள். பெயர் வெட்டுகிற ஆள் சீட்டில் உள்ளதைத்தான் பொறிப்பார். சீட்டில் என்ன எழுதுவது என்பது நம் கையில் இருக்கிறது.